ஓடாத வாட்ச்சை ஓட வைப்போம்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவர்)



மணி பார்க்க இன்று யாருக்கும் வாட்ச் தேவையில்லை. பாக்கெட்டில் செல்போன் இருக்கிறது. ஆனாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலிருந்து தேனி வரை, எந்த வீட்டு பீரோவைத் திறந்தாலும் ரேஷன் கார்டுக்கும் பத்திரத்துக்கும் நடுவில் ஓடாத ஒரு பழைய வாட்ச் கிடக்கும். தாத்தாவுடையதாக இருக்கும், அல்லது கல்யாணத்துக்கு மாமன் வீட்டில் போட்டதாக இருக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது, ரிப்பேர் பார்க்கவும் ஆள் கிடைக்காது. அப்படிப்பட்ட வாட்ச்சை எப்படி உயிர்ப்பிப்பது, அது எப்படி வேலை செய்கிறது, நம் பாடப்புத்தகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் சொல்கிறேன்.

நம் ஊர்க் கைகளில் இருந்த வாட்ச்

பீரோவில் கிடக்கும் அந்த வாட்ச் பெரும்பாலும் ஹெச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1953-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. பெயரிலேயே இருக்கிறபடி, லேத், மில்லிங் மெஷின் செய்வதுதான் அதன் வேலை. நம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற மாதிரி இயந்திரங்களைச் செய்த அதே நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. முதல் தொகுதி வாட்ச்சுகளை வெளியிட்டவர் அன்றைய பிரதமர் நேரு. ஜனதா, பைலட், கோஹினூர், ஜவான், சோனா என்று வரிசையாக மாடல்கள் வந்தன. பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து மணி அறியும் பிரெயில் வாட்ச்சும் வந்தது.

பிறகு காலம் மாறியது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை போட்டு, குவார்ட்ஸை நம் ஊர்க் கடைவீதி வரைக்கும் கொண்டு வந்தது. சாவி கொடுக்கிற வாட்ச் பழசாகிப் போனது. கடைசியில் 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆக, இன்று நம் வீட்டில் கிடக்கும் பழைய வாட்ச்சுக்கு, செய்த கம்பெனியிலிருந்து புது ஸ்பேர் வரும் என்று காத்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் கிடந்தது ஒரு ஜனதா. என் தாத்தா கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், ஏலக்காய் ஸ்டோரில் விறகு போடுகிற வேலை பார்த்தவர். பச்சை ஏலக்காயை ஸ்டோரில் பரப்பி, கீழே அடுப்பு மூட்டி, ஒரு பகல் ஒரு ராத்திரிக்கும் மேலே காய வைப்பார்கள். சூடு ஏறினால் காய் வெடிக்கும், குறைந்தால் நிறம் போகும். நேரம் பார்த்து விறகு தள்ள வேண்டும். அதற்காக வாங்கிய வாட்ச் அது. அவர் படித்ததில்லை. எழுத்து தெரியாது, ஆனால் மணி பார்க்கத் தெரியும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள நாம் தூரமாகப் போக வேண்டாம். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. அது சுரங்கம் வழியாக மலையைக் கடந்து லோயர்கேம்புக்கு வருகிறது. ஷட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் ஒரே பாய்ச்சலாகப் போய்விடும். இவ்வளவுதான் என்று அளந்து விட்டால்தான் பள்ளத்தாக்கு முழுக்கப் பாசனம் நடக்கும்.

வாட்ச்சிலும் அதே கதைதான். நாம் சாவி கொடுக்கும்போது பேரலுக்குள் இருக்கிற மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அதுதான் அணை. அங்கிருந்து சென்டர் வீல், தேர்ட் வீல், போர்த் வீல் என்று வரிசையாகப் பல்சக்கரங்கள். அவை வாய்க்கால். கடைசியில் எஸ்கேப் வீல், பேலட், பேலன்ஸ் வீல். இவைதான் ஷட்டர். பேலன்ஸ் வீல் ஒரு தடவை அசைந்தால், பேலட் எஸ்கேப் வீலின் ஒரு பல்லை விட்டு, உடனே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். நாம் கேட்கிற ‘டிக் டிக்’ சத்தம் அந்தப் பிடிப்பின் சத்தம்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. நம் கியர் டிரெயின் பாடம் இங்கே அப்படியே வரும்.

சென்டர் வீல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அதில்தான் நிமிட முள். போர்த் வீல் ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்று, அது வினாடிக் கணக்கு. ஆக இரண்டுக்கும் நடுவில் வேக விகிதம் 60. ஒரே ஜோடிப் பல்சக்கரத்தில் 60 மடங்கு கொண்டு வர முடியாது என்பதால், 8-ஐயும் 7.5-ஐயும் பெருக்குகிற மாதிரி இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள்.

இந்த ஹெச்.எம்.டி. இயந்திரம் மணிக்கு 18,000 தடவை துடிக்கும். அதாவது வினாடிக்கு 5. எஸ்கேப் வீலில் 15 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்கு இரண்டு துடிப்பு, ஒரு சுற்றுக்கு 30 துடிப்பு. நிமிடத்துக்கு 300 துடிப்பு வேண்டும் என்றால் எஸ்கேப் வீல் நிமிடத்துக்கு 10 சுற்று சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. ஒரு வருஷம் நிற்காமல் ஓடினால் 15 கோடியே 76 லட்சத்து 80 ஆயிரம்! நம் ஒர்க்‌ஷாப்பில் எந்த மெஷினும் இத்தனை உழைப்பதில்லை என்றால் அது மிகையாகாது.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வைரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவை செயற்கை மாணிக்கக் கற்கள். 1902-ல் பிரெஞ்சு ரசாயன அறிஞர் வெர்னூயி, அலுமினாப் பொடியைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அதன் பிறகு கல் மலிவாகிவிட்டது. சக்கரத்தின் ஊசி போன்ற அச்சு முனை சுற்றுவதற்கு அது பேரிங். கணக்கு இதுதான்: பேலன்ஸில் 5, பேலட்டில் 4, எஸ்கேப், போர்த், தேர்ட், சென்டர் சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக 8. மொத்தம் 17. விற்றால் காசு வராது, ஆனால் அவை தேயாததால்தான் தாத்தா வாட்ச் பேரன் கைக்கு வருகிறது.

ஏன் நின்று போகிறது?

பெரும்பாலான வாட்ச் உடைந்து நிற்பதில்லை, எண்ணெய் காய்ந்துதான் நிற்கிறது. வருஷக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். இரண்டாவது காரணம் ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் நம் பக்கம் சாரலும் காற்றும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மலை மேலே கேட்கவே வேண்டாம். சாவி போகிற ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போய் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். மூன்றாவது, மெயின் ஸ்பிரிங் அறுந்து போவது. அப்போது சாவி சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவே இறுகாது. நான்காவது, கீழே விழுந்து பேலன்ஸின் அச்சு ஒடிவது. ஹெச்.எம்.டி. டயலில் ‘பாராஷாக்’ என்று போட்டிருக்கும். அச்சுக்கு மேலே இருக்கிற கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் பிடித்திருக்கும். அடிபட்டால் கல் கொஞ்சம் விலகி மறுபடி இடத்துக்கு வந்துவிடும். இது சிட்டிசனிடமிருந்து வந்த ஏற்பாடு.

இக்காலத்துக்கே உரிய ஐந்தாவது நோய் காந்தம். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட செல்போன் உறை இவற்றின் பக்கத்தில் வைத்தால் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். வாட்ச் திடீரென்று வேகமாக ஓட ஆரம்பிக்கும். சின்ன திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டு போனால் அதன் முள் துள்ளும். காந்த நீக்கக் கருவியில் ஒரு தடவை காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேவையான சாமான்கள்

கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று, நுனி கூரான ட்வீசர் இரண்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், பின்மூடி திறக்கும் கத்தி, காற்று ஊதும் ரப்பர் உருண்டை, கவிழ்த்து மூட ஒரு கண்ணாடி டம்ளர், பாகம் போட்டு வைக்கக் கிண்ணங்கள், வாட்ச் எண்ணெய். வேலை செய்யும் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஒரு ஸ்க்ரூ தரையில் விழுந்தால் அதைத் தேடவே அன்றைய பொழுது போய்விடும்.

முதல் முதலாக வீட்டு வாட்ச்சில் கை வைக்காதீர்கள். பழைய வாட்ச் கடைகளில் ஓடாத இயந்திரம் சும்மாவே கிடைக்கும். அதைப் பத்துத் தடவை கழற்றி மாட்டிவிட்டு அப்புறம் நல்லதைத் தொடுங்கள்.

வேலை செய்யும் வரிசை

1. பின்மூடியைத் திறந்து, சாவியைக் கழற்றி, இயந்திரத்தை வெளியே எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டும்போது அதுதான் குரு.

2. சாவியை மறுபடி செருகி, கிளிக்கை விலக்கி, மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெதுவாக விடுங்கள். இது மிக முக்கியம். இறுக்கம் இருக்கும்போதே பேலட்டை எடுத்தால், பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் எல்லாச் சக்கரமும் ஒரே ஓட்டமாக ஓடி, அச்சு முனை ஒடியும். ஷட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் அணையைக் காலி பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

3. டயலின் மேல் பாலிதீன் துண்டை வைத்து முட்களைத் தூக்குங்கள். பிறகு டயல். டயலைக் கையால் தடவவே கூடாது. எழுத்து போய்விடும்.

4. பேலன்ஸ், அடுத்து பேலட், அடுத்து சக்கரங்கள், கடைசியில் பேரல். எடுத்த வரிசையிலேயே கிண்ணத்தில் வையுங்கள்.

5. வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, கல் ஓட்டைகளைக் கூரான பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. பேலட்டை மட்டும் ஸ்பிரிட்டில் போடாதீர்கள். அதன் இரண்டு கற்களும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும்.

6. மாட்டும்போது, பாலத்தை வைத்து ஸ்க்ரூவை முழுசாக இறுக்குவதற்கு முன்னால், எல்லா அச்சும் ஓட்டையில் உட்கார்ந்து சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பலம் இங்கே உதவாது.

7. எண்ணெய் ஊசி முனை அளவுதான். வேகமாகச் சுற்றும் அச்சுக்கு நீர்த்த எண்ணெய், மெதுவாகச் சுற்றும் பக்கம் கெட்டி எண்ணெய். பேலட்டின் அச்சுக்கும் ஹேர் ஸ்பிரிங்குக்கும் எண்ணெயே கூடாது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் விடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அன்றைக்கு ஓடும், கொஞ்ச நாளில் பழையதை விட மோசமாக நிற்கும்.

நேரம் பிடிப்பது

1675-ல் ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் பேலன்ஸ் வீலோடு சுருள் ஸ்பிரிங்கைச் சேர்த்தார். அதன் பிறகுதான் சின்னக் கடிகாரம் நம்பும்படியாக ஓடியது. ஒரு அசைவுக்கு ஆகும் காலம், சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனை ஸ்பிரிங்கின் விறைப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தனிச்சீரிசை இயக்கம் என்று முதலாமாண்டில் மனப்பாடம் செய்தோமே, அதுதான்.

பேலன்ஸ் பாலத்தின் மேலே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைக் கூட்டல் பக்கம் நகர்த்தினால் ஹேர் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறையும், விறைப்பு கூடும், வாட்ச் வேகமாக ஓடும். கழித்தல் பக்கம் நகர்த்தினால் மெதுவாகும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் செல்போன் மணியோடு ஒப்பிட்டு எழுதி வைத்து, முடியளவு முடியளவாக நகர்த்த வேண்டும். துடிப்பைக் கேட்டுக் கணக்குச் சொல்லும் செயலிகளும் செல்போனில் உண்டு.

நான் ஒப்பிட்டு எழுதிய முதல் நாளில் எங்கள் ஜனதா 4 நிமிஷம் வேகமாக ஓடியது. பன்னிரண்டு நாளில் 30 வினாடிக்குள் கொண்டு வந்தேன். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அதில் 30 என்றால் பத்தாயிரத்துக்கு மூன்றரை பங்குதான் பிழை. பேட்டரி இல்லாமல், ஒரு தகட்டுச் சுருளை மட்டும் நம்பி ஓடும் இயந்திரத்துக்கு இது சாதாரணமா?

புதுசாக்குவதா, அப்படியே வைப்பதா?

இந்தப் பொழுதுபோக்கில் பெரிய வாதமே இதுதான். பைலட், ஜனதா போன்ற மாடல்களில் ஒரே குடும்ப இயந்திரம் இருப்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். நமக்கு இது பெரிய வசதி. ஆனால் இதே வசதியை வைத்து, ஒன்றின் கூடு, இன்னொன்றின் இயந்திரம், கண்ட நிறத்தில் புதிதாக அச்சடித்த டயல் என்று ஒட்டுப் போட்டு, ‘பழைய ஒரிஜினல்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நம் விருப்பத்துக்கு நிறம் மாற்றிக் கட்டிக்கொள்வது தப்பில்லை. அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. வாங்கும்போது டயலில் எழுத்து பிசிறடிக்கிறதா, டயலும் முள்ளும் ஒரே அளவு பழசாக இருக்கிறதா, இயந்திரத்தில் ஹெச்.எம்.டி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தயங்காமல் மாற்றக்கூடியவை வார், வாரைப் பிடிக்கும் பின், கண்ணாடி, மெயின் ஸ்பிரிங். வார் அகலத்தை அளந்து வாங்குங்கள். ஜனதாவுக்குப் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். அக்ரிலிக் கண்ணாடியில் லேசான கீறல் என்றால் மாற்றவே வேண்டாம். வெள்ளைப் பற்பசையைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் மறையும். ஒரு எச்சரிக்கை: 1960-களுக்கு முந்தைய சில வெளிநாட்டு வாட்ச்சுகளில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. அந்தத் தூள் உடம்புக்குள் போனால் ஆபத்து.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரு மேஜை அகலக் கடையில் உட்கார்ந்திருக்கும் பாய். எங்கள் வாட்ச்சின் டயல் வெள்ளையாக இருந்தது, பழுத்து மஞ்சளாகியிருந்தது. ஓரத்தில் புகை படிந்த மாதிரி ஒரு கறை. “புது டயல் ஒண்ணு கெடக்கு தம்பி, போட்டா கடையில வாங்குன மாதிரி இருக்கும். போடவா?” என்று கேட்டார். அந்தக் கறை எதனால் வந்தது என்று அவரிடம் சொன்னேன். ஸ்டோர் அடுப்பின் சூட்டிலும் புகையிலும் எத்தனையோ ராத்திரி இருந்த வாட்ச். கொஞ்ச நேரம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்ப இதத் தொடாத. இதுக்கு ஸ்பேர் கெடைக்காது” என்றார். கண்ணாடியும் வாரும் மெயின் ஸ்பிரிங்கும் மாற்றினோம். டயலை விட்டுவிட்டோம்.

இதனால் என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது என் அப்பா. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். சனிக்கிழமையானால் நான் வாட்ச் கடையில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. “ரிப்பேர் கடையில உக்கார்றதுக்கா உன்னைய பாலிடெக்னிக்குக்கு அனுப்புனேன்?” என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கையால் செய்கிற வேலையிலிருந்து பிள்ளை தப்பிக்கட்டும் என்றுதான் அவர் கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறார்.

நான் வாதம் செய்யவில்லை. ஓட வைத்த வாட்ச்சை அவர் கையில் கொடுத்து, கியர் டிரெயின் பாட நோட்டைப் பக்கத்தில் வைத்து, இந்தச் சக்கரம்தான் இந்தப் படம், இந்த எண்தான் இந்தக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நோட்டை அவரால் வாசிக்க முடியாது. வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டார். “எங்கய்யா கூட ஸ்டோர்ல படுத்திருக்கப்ப கேட்ட சத்தந்தான்” என்றார். பிறகு, “பரீட்சைய விட்றாத” என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமையைப் பற்றி அவர் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வகுப்பில் எழுதியதைக் கையால் தொட்டுப் பார்க்க இவ்வளவு மலிவான ஆய்வுக்கூடம் வேறு இல்லை. உராய்வு, எண்ணெயின் பிசுக்கு, ஸ்பிரிங் விறைப்பு, பல்சக்கர விகிதம், நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி எல்லாம் ஒரே உள்ளங்கைக்குள் இருக்கிறது. பொறுமை என்ற பாடத்துக்குப் புத்தகமே கிடையாது. அதுவும் இதில் கிடைக்கும்.

அதற்கு மேலே ஒரு அவசரமும் இருக்கிறது. பாய்க்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் டப்பாக்களில் இருக்கிற பழைய ஸ்பேர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் ஸ்பேர் தீர்வதை விட, காதில் வைத்த மாத்திரத்தில் “பேலன்ஸ்ல அழுக்கு” என்று சொல்கிற அந்த அறிவு தீர்ந்து போவதுதான் பெரிய நஷ்டம். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நம் ஒவ்வொரு ஊர்க் கடைவீதியிலும் விசாரித்தால் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். படித்தவன் நாம் போய்க் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஆகவே நண்பர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்கள். வாட்ச் கிடைத்தால் உலுக்காதீர்கள், சாவியை முறுக்காதீர்கள். அது யாருடையது, எதற்காக வாங்கினார்கள் என்று முதலில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ச்சை ரிப்பேர் செய்யப் பின்னால் நேரம் கிடைக்கும். சொல்லுகிற ஆள் எப்போதும் இருக்க மாட்டார். நம் மாணவர் மன்றமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மெட்ராலஜி ஆய்வுக்கூடத்தில் ஒரு மேஜையை ஒதுக்கித் தந்தால், பாயை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. ட்வீசரும் லென்ஸும் நான் கொண்டு வருகிறேன். ஓடாத வாட்ச்சை நீங்கள் கொண்டு வாருங்கள்.